ஊசி முனையில் ஒரு காற்று

மின்சாரமே எட்டாத ஊர்களுக்குப் போய் மின்சாரம் காட்டுவது என் உத்தியோகம். காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், மானம் போய்விடும். யுத்தம் நடந்த வருஷங்களில் திருப்பத்தூரில் சயின்ஸ் வாத்தியாராக இருந்த என்னை, ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் உள்ள பள்ளிக்கூடங்களுக்கு ஒரு மரப்பெட்டியோடு அனுப்பினார்கள். பெட்டிக்குள் கண்ணாடித் தட்டுகள் பூட்டிய யந்திரம். கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் உண்டாகும். அதைக் கம்பி வழியாக ஓர் ஊசிக்குக் கொடுத்தால் ஊசி முனையிலிருந்து காற்று வீசும். நுனி வளைந்த கம்பிச் சக்கரத்துக்குக் கொடுத்தால், காற்று ஒரு பக்கம் போக, சக்கரம் மறுபக்கம் ஓடும். நாலு பேர் முன்னால் செய்முறை காட்டி விழித்த வாத்தியார்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

வாயைக் கட்டிய கதை

முதல் முறை போளூரில். ஊசிக்கு எதிரே மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக் கைப்பிடியைச் சுற்றினேன். சுடர் அழகாகச் சாய்ந்தது. முன்வரிசையில் இருந்த எண்ணெய்க் கடைக்காரர் எழுந்து, வாத்தியார்தான் வாயால் ஊதுகிறார் என்றார். மேல்துண்டால் வாயை இறுகக் கட்டிக்கொண்டு மறுபடி சுற்றினேன். சுடர் மறுபடி சாய்ந்தது. கூட்டம் கைதட்டியது. அவர் மட்டும் கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வாயைக் கட்டினீங்க, சரி. மூக்கு இன்னா பண்ணுது?"

மலைமேல் ஈரம்

மலைக்குப் பெட்டியை இரண்டு பேர் கழியில் கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று ஊர் ஜனங்கள் பள்ளிக்கூடக் கொட்டகையில் காலையிலிருந்து காத்திருந்தார்கள். நான் தோள் வலிக்கச் சுற்றினேன். ஒரு பொறி இல்லை, சக்கரம் அசையவில்லை. ஈரம் பட்டால் இந்த மின்சாரம் தட்டில் நிற்காமல் ஒழுகிவிடும் என்று விளக்கம் சொன்னேன். சொல்லும்போதே அது பொய்க்காரன் பேச்சு மாதிரி எனக்கே கேட்டது. கிளம்பிவிடலாம் என்று பெட்டியை மூடப் போனேன்.

சாமை பயிரிடும் குப்பம்மா என்பவர் என்னைத் தடுத்தார். வீட்டுக்குப் போய் ஒரு சட்டியில் கரிநெருப்பு கொண்டுவந்து யந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை. நான்தான் நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டைத் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன். வெகுநேரம் கழித்துச் சுற்றியபோது பொறி படபடத்தது. சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடியது. என் கண் கலங்கியதைக் குப்பம்மா பார்த்துவிட்டார்.

"எங்க சாமையே காஞ்சாத்தான் குத்த வரும். உன் கண்ணாடிக்கு மட்டும் இன்னா அவசரம்?"

சூசையம்மாளின் கை

படவேட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கண் தெரியாத சூசையம்மாள் என்பவர் தங்கையோடு வந்திருந்தார். எல்லாரும் சக்கரத்தைப் பார்த்து ஆரவாரம் செய்ய, அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஊசியை மாட்டி, அவர் உள்ளங்கையை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லிச் சுற்றினேன். கையை மெல்ல நகர்த்திக் காற்று எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தார். இடி இடிச்ச வாசனை வருதே என்றார். உண்மைதான், மின்சாரம் காற்றில் பாய்ந்தால் வரும் அந்த வாசனையைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அக்காவுக்கு இன்னா தெரிஞ்சுது என்று தங்கை கேட்டார்.

"நீங்கள்லாம் சக்கரத்தைப் பாத்தீங்க. காத்து என் கைக்குத்தான் வந்துச்சு."

ஏரோப்பிளேன்

கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தச் சுற்றுப்பயணம் தொடர வேண்டுமா, யந்திரத்தை அலமாரியில் பூட்டிவிடலாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரை மயக்க, சக்கரத்தின் ஒரு நுனியில் காகித ஏரோப்பிளேன் ஒட்டியிருந்தேன். பெட்ரோல் இல்லாமல், விசிறி இல்லாமல், காற்றைத் தள்ளியே பறக்கும் என்று பெரிதாகப் பேசிவிட்டுச் சுற்றினேன். பறந்தது. பின்பக்கமாக. அவசரத்தில் மூக்கை மாற்றி ஒட்டிவிட்டேன்! வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிய்த்து, திருப்பி ஒட்டி, மறுபடி சுற்றினேன். இம்முறை நேராகச் சுற்றிச் சுற்றி வந்தது. சிரிக்காத இன்ஸ்பெக்டர், பயணம் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

"பிளேன் சரியா போச்சு, வாத்தியாரே. அதுல நீங்க மட்டும் ஏறிடாதீங்க."

காற்றைத் தள்ளி ஓடும் சக்கரத்தை ஊர் ஊராகக் காட்டிய நான், அத்தனை ஊருக்கும் போனது மட்டும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும்தான்.