கோணிப்போன வில்

அந்தமானுக்கு மானைக் கொண்டுவந்து விட்ட வெள்ளைக்காரர்கள் புலியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அதனால் பெரார்கஞ்சில் சர்க்கார் எங்களுக்குக் கொடுத்த நிலத்தில் முதல் வருஷம் நான் நட்டேன், மான் அறுத்தது. வேலி போட்டோம். தாண்டி வந்து தின்றுவிட்டுத் தாண்டியே திரும்பிப் போயின.

என் வீட்டுக்காரருக்குச் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். இரண்டாம் வருஷ நடவு முடிந்ததும் வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இந்தத் தடவையும் மான் தின்னுச்சுன்னா நிலத்தை ஒப்படைச்சிட்டுக் கப்பல் ஏறிர வேண்டியதுதான். அண்ணன் வீட்டுல இருந்துக்கலாம்."

அவருடைய அண்ணன் வீட்டில் கல்யாணமான புதிதில் இருந்திருக்கிறேன். அங்கே உப்புச் சாடியைத் தொடக்கூட அவர் அண்ணியைக் கேட்க வேண்டும். இங்கே எனக்கென்று ஒரு வயல், ஒரு அடுப்பு, யாரையும் கேட்காத உப்பு. நான் கப்பல் ஏறுவதாக இல்லை.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? பக்கத்து நிலத்து ராஞ்சிக்காரர் மூங்கில் வில் வைத்திருந்தார். அவர் வயலுக்குப் போகாத மான்களும் சேர்ந்து என் வயலுக்கு வந்தன. எனக்கும் ஒன்று செய்து தாருங்கள் என்றேன். மூங்கிலை வெட்டி நிழலில் காயப்போட வேண்டும், அடுத்த மழைக்குத்தான் ஆகும் என்றார். மான் அதுவரை பொறுக்காது. அப்போதுதான் சாத்தத்தில் ஒரு அதிகாரிக்கு மாற்றல் வந்து, வீட்டுச் சாமான்களோடு ஒரு வில்லையும் விற்கிறார்கள் என்று சேதி வந்தது.

அந்தக் காலத்தில் மாற்றல் வந்தால் கட்டில் முதல் கரண்டி வரை விற்றுவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். பழைய சாமான் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பொருள் பார்க்க எழுத்து வேண்டியிருந்ததில்லை. நான் பார்த்து எடுத்துக்கொடுத்த தையல் மெஷின்கள் இன்னும் தைக்கின்றன. வாங்கியவர்கள்தான் சிலர் போய்விட்டார்கள்.

மூக்குத்திக்கு என்று சேர்த்த பணத்தை முடிந்துகொண்டு போனேன். அதிகாரியின் வீட்டு அம்மா மெட்ராஸ்காரர். வராந்தாவில் சாமான்களைப் பரப்பியிருந்தார். வில் ஒரு மூலையில் குடைகளோடு நின்றது. நாண் கழற்றியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ராஞ்சிக்காரரின் வில் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். இதில் இரண்டு முனையும் ஏதோ கோபித்துக்கொண்டதுபோல மறுபக்கம் திரும்பியிருந்தன.

"மழையில நனைஞ்சு கோணிப்போச்சேம்மா."

"அது அப்படித்தான் இருக்கும்னு அவர் சொல்வார்."

எனக்குத் தெரிந்து, விற்கிறவர்கள் எல்லாக் குறைக்கும் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். ஆகவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆலையில் பலகையைப் பார்ப்பதுபோல நீளவாக்கில் பார்த்தேன். முறுக்கு இல்லை. இரண்டு முனையும் ஒரே அளவுக்குத் திரும்பியிருந்தன. தானாகக் கோணும் மரத்துக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. முனைகளின் வெளிப்பக்கத்தில் நாண் படிந்து தேய்ந்த பள்ளம் இருந்தது, தொட்டில் கட்டிய விட்டத்தில் கயிற்றுத் தடம் விழுமே, அதைப்போல. அப்படியானால் நாண் ஓடுவது அந்தப் பக்கம். வில்லை இப்போதிருக்கும் வளைவுக்கு எதிராக வளைத்துத்தான் பூட்ட வேண்டும். கோணல் இல்லை என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை வெளியே சொல்லவில்லை.

பிறகு முந்தானையின் நுனியை வில் முழுக்க இழுத்துப் பார்த்தேன். விரிசல் இருந்தால் நூல் மாட்டும். பிடிக்குக் கீழே ஓரிடத்தில் மாட்டியது. நகத்தால் கீறினேன்; நகம் இறங்கவில்லை. வார்னிஷ் உரிந்ததுதான். நாண் மட்டும் பழசாகி அங்கங்கே நைந்திருந்தது. முகத்தைச் சுளித்தேன். அந்த அம்மா, கோணலுக்காக விலையில் பாதியைக் குறைத்தார்.

அந்த நேரம் பார்த்து போர்ட் பிளேயரில் கடை வைத்திருந்த பாய் வந்தார். எங்கே சாமான் விற்றாலும் அவரும் இருப்பார், நானும் இருப்பேன்.

"தங்கச்சி தொட்ட பொருளா? அப்ப நல்ல பொருளாத்தான் இருக்கும்."

"கோணல், பாய். கராப். ஒண்ணுக்கும் ஆகாது."

"இருக்கட்டுமே. கடைச் சுவத்துல மாட்டுனா யாருக்குத் தெரியப்போவுது?" என்று வாங்கி, ஒரு முனையில் நாணை மாட்டி, ஏற்கெனவே வளைந்திருந்த பக்கமாகவே முழங்காலில் வைத்து அமுக்கினார். வில் முனகியது.

சும்மா இருந்தால் உடையும். வாயைத் திறந்தால் விலை ஏறும். வயலை நினைத்தேன், உப்புச் சாடியை நினைத்தேன்.

"பாய், விடுங்க! அந்தப் பக்கம் வளைக்கக் கூடாது!"

பாய் கையை எடுத்தார். "கோணல்னு நீதானே சொன்னே?"

"வளைச்சா உடைஞ்சிரும். இங்க குடுங்க."

ஒரு முனையைக் காலில் கொடுத்து, பாய் மறுமுனையைப் பிடிக்க, எதிர்ப்பக்கமாக வளைத்து நாணைப் பூட்டினேன். வில் முறுக்கிய மீசைபோல நின்றது.

"அப்ப இது கோணலே இல்ல" என்றார் அந்த அம்மா. "முதல்ல சொன்ன விலைதான்."

பாய் சிரித்துவிட்டார். "நீயே எடுத்துக்க தங்கச்சி. உடைச்சிருந்தா தெண்டம் நானுல்ல கட்டியிருக்கணும்."

முழு விலையும் கொடுத்தேன். மூக்கு அப்படியே இருந்தது. மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நெல் குத்திய கைக்கு அது ஒரு பாரம் இல்லை. "அம்பு வைக்காம இழுத்து விட்டுடாத, உடைஞ்சிடும்னு அவர் சொல்வார்" என்று அந்த அம்மா எச்சரித்தார். இழுத்ததை மெதுவாகவே திரும்ப விட்டேன்.

அந்த வாரம் வீட்டுக்காரர் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கேட்டார்: "அம்பு எங்க?"

வாங்கும்போது அம்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பிறகு விசாரித்தால், அந்த அதிகாரி இருந்த அம்புகளையெல்லாம் கடலுக்குள் விட்டுத் தொலைத்திருக்கிறார். ராஞ்சிக்காரர் மூங்கிலில் அம்பு சீவி, புது நாணும் திரித்துத் தந்தார். அம்புக்குக் காய வேண்டாமா என்றேன். அம்பு திரும்பி வரப்போவதில்லையே என்றார்.

பகலில் வாழைத்தண்டை நட்டு எய்து பழகினேன். மான்கள் பொழுது சாய வரும். நான் விட்ட முதல் அம்பு வரப்பில் குத்தி நின்றது. மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. கிட்டே வந்து முகர்ந்தும் பார்த்தது. பிறகு என் நெல்லைத் தின்னப் போனது. அதற்கும் பல நாள் கழித்து, பயிர் பால் பிடிக்கும் சமயத்தில், ஒன்று விழுந்தது. மற்றவை வேலி தாண்டி ஓடின. அதன் பிறகு வரப்பில் நான் வில்லோடு நின்றாலே காட்டோரத்திலேயே நின்றுகொண்டன.

ராஞ்சிக்காரர் வீட்டுக்குப் பாதி கொடுத்தேன். வாரக் கடைசியில் வந்தவருக்கு மீதியைக் குழம்பு வைத்தேன்.

"என்ன கறி?"

"போன வருஷத்து நெல்லு."

அவர் மறுசோறு வாங்கிக்கொண்டார்.

அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்குள் வந்தது. படுக்க இடம் போதவில்லை. அவர் குவியலைச் சுற்றி வந்தார். கையில் அள்ளி மோந்து பார்த்தார். கப்பல் பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுத்தார்.

"அடுத்த கப்பல்ல அண்ணனுக்கு ஒரு மூட்டை அனுப்பலாமா?"

"அனுப்புங்க" என்றேன்.

தெரிந்த ஒருவர் கப்பலேறும்போது அவரோடு மூட்டை ஊருக்குப் போனது. நாங்கள் போகவில்லை.