பச்சை பிடித்த ஐந்து நாணயங்கள்

உள்ளதை உள்ளபடி சொல்லப் போதுமான சிங்களம் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அதிகாரியிடம் நான் ஏன் பொய் சொன்னேன்?

என் கணவரின் தகப்பனார் சேர்த்த பழைய நாணயங்கள் ஒரு தகரப் பேணியில் இருந்தன. அரசன் தலை போட்ட வெள்ளி ஐம்பது சதங்கள், மரம் பொறித்த செப்புக் காசுகள். யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து கணவர் கொண்டுவந்தது அது ஒன்றுதான். கலியாணமாகி ஒரு வருடம் நிறைந்த அன்று, பிளாஸ்டிக் உறைகள் வைத்த அல்பம் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் நானே அதில் அடுக்கிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து மகளுக்குக் காட்டுவதற்காகத் திறந்தபோது உறைகள் வியர்த்திருந்தன. ஐந்து நாணயங்களில் பச்சையாக ஏதோ பிசுபிசுத்தது. கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்றின் வேலை என்றே முதலில் நினைத்தேன்.

கொட்டாஞ்சேனையில் என் பள்ளித் தோழி ஒருத்தி இருக்கிறாள். இரசாயனம் படிப்பிக்கிறவள். மகளையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

"கடற்காத்துமில்லை ஒண்டுமில்லை. உன்ர அல்பம்தான் குற்றவாளி. மலிவுப் பிளாஸ்டிக் இளகி வடியுது," என்றாள்.

"புளி போட்டுத் தேய்க்கட்டே?"

"என்னடி, ரசம் வைக்கப் போறியோ? புளி, தேசிக்காய், பற்பசை ஒண்டும் கிட்டக் கொண்டுபோகாதை. தேய்ச்சியெண்டால் ஊத்தையோட ராசாவின்ர மூக்கும் போயிடும்."

அவளுடைய அண்ணன் வள்ளங்கள் திருத்துகிறவர். பெயின்ற் கரைக்க அவரிடமிருந்த அசிற்றோனில் கொஞ்சம் ஒரு பழுப்பு மருந்துப் போத்தலில் ஊற்றித் தந்தாள். கண்ணாடிப் பாத்திரத்தில்தான் ஊற்ற வேண்டும், யன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, பிள்ளை அறைக்குள் வரவே கூடாது. ஒருநாள் ஊறிய பின் எடுத்து, புதிதாக ஊற்றியதில் இன்னொரு முறை அலசி, துடைக்காமல் உலர விட வேண்டும். "போத்தலில பேரை எழுதி ஒட்டு," என்றும் சொன்னாள். நான் ஒட்டவில்லை. குண்டு தேடி வீடுகளைக் கிளறுகிற இந்த நாட்களில், ஒரு தமிழ் வீட்டில் இரசாயனப் பெயர் எழுதிய போத்தலைவிடப் பெயரில்லாத போத்தல் நல்லது என்று அப்போது தோன்றியது.

திரும்பி வரும்போது கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் கைப்பையைக் கிளறிப் பார்த்தார்கள். போத்தல் மகளின் துணிப் பைக்குள், பால் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பையை யாரும் திறக்கவில்லை. மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகுதான், எதை எங்கே ஒளித்துக் கொண்டுவந்தேன் என்பது எனக்கு உறைத்தது. மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கணவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கெடுத்தது என் பரிசு. அதைச் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். சனிக்கிழமை அவர் கடைக்குப் போன நேரம் ஐந்தையும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவிட்டு, சாசரால் மூடி, பின்னறை அலுமாரியின் மேல், போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலை இராணுவத்தினர் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டு வீடு வீடாக வந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குள் நான்கு பேர் வந்தார்கள். வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிந்த துண்டில் இருந்த பெயர்களுக்கு ஆட்கள் சரியாக இருந்தார்கள். போகத் திரும்பிய அதிகாரி பின்னறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். உள்ளே போய்ப் போத்தலை எடுத்துவந்து, "மே மொகக்த?" என்று கணவரிடம் கேட்டார். இது என்ன?

"தன்னே நே, மஹத்தயா," என்றார் கணவர். தெரியாது. அது முழு உண்மை.

தன் வீட்டில் இருப்பது தனக்குத் தெரியாதா என்று அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் நான் இடையில் புகுந்து, அது நகப்பூச்சு அழிக்கிற மருந்து என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பாத்திரம் கழுவி வெளிறிய நகங்கள். "கோ நோனா?" என்றார். அப்படியானால் பூச்சு எங்கே? அப்படி ஒரு பொருள் எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. பிறகு கிண்ணத்தைக் காட்டி நாணயங்களின் கதையைச் சொன்னேன். அவசரமாக இன்னொரு கதை கட்டுவது போலத்தான் அது எனக்கே கேட்டது. போத்தலையும் கணவரையும் கொண்டுபோனார்கள். மகள் படியில் நின்று, "அப்பா டாட்டா," என்று கை காட்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். போத்தலில் இருந்தது என்னவென்று யாரோ பார்த்துச் சொன்ன பிறகு விட்டார்களாம். வலது கையை மடியிலிருந்து எடுக்காமல், தேத்தண்ணியை இடது கையால் வாங்கினார்.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பனே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பொலிஸில் போய் ஒப்பமிட்டு வருகிறார். அவர் வரும்வரை நான் யன்னலை விட்டு நகர்வதில்லை.

அவர் இல்லாத அந்த நாட்களில் பின்னறைக்குள் நான் போகவில்லை. கிண்ணத்தில் இருந்ததெல்லாம் ஆவியாகி, கரைந்த பச்சை ஐந்து காசுகளிலும் மெல்லிய தோலாகப் படிந்துவிட்டது. அப்படியே விட்டால் செம்பை அரிக்கும், திரும்பவும் அதே மருந்தில்தான் ஊறவிட வேண்டும் என்கிறாள் தோழி. கணவர் அவற்றைப் பார்ப்பதில்லை. எறியச் சொல்லவும் இல்லை.

இதை வாசிப்பவர்களில் நாணயம் சேர்ப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அப்படி ஒரு போத்தலை இன்னொரு முறை இந்த வீட்டுக்குள் கொண்டுவராமல் அந்தத் தோலை எடுக்க வழி இருக்கிறதா? வழியில்லையென்றால், ஒழுங்கையை எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம் என்ற நிலையில், அவருடைய தகப்பனின் காசுகள் அரிபட நான் பார்த்துக்கொண்டிருப்பதா, அல்லது அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவதா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?