உச்சியில் கட்டிய தொட்டி

இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊர். வயலும் கிணறும் இருந்த நல்ல நிலமெல்லாம் கீழே, மற்றவர்களுக்கு. எதற்கும் ஆகாத பாறை உச்சி எங்களுக்கு. தண்ணீருக்குக் கீழே இறங்கி, கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி இறைத்து ஊற்றும் வரை நிற்க வேண்டும். வேதத்துக்கு வந்து, கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறை ஆகியும், நாங்கள் கயிற்றைத் தொட்டால் அவர்களுக்குத் தீட்டு.

எண்பதுகளில் தண்ணீர்த் தொட்டி வந்தது. உயரமான இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னதால் எங்கள் பாறையில் கட்டினார்கள். இனி அந்தக் கிணற்றடியில் நிற்க வேண்டாம் என்று நம்பினேன். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பம்.

திறப்பு விழாவில் ஒரு தமிழ் வாத்தியார் ‘உச்சி’ என்ற சொல்லைப் பற்றியே பேசினார். மலை முனையும் உச்சி, நடுத்தலையும் உச்சி, நடுப்பகலும் உச்சி, உயர்வைக் குறிக்கும் ‘உ’வில் பிறந்த தமிழ்ச் சொல், வடமொழி என்பவன் மடையன் என்றார். கன்னடக்காரப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“எங்க வூட்டுல உச்சந்தலைய நெத்திம்போங்க சார். அது எங்கிருந்துங்க வந்துச்சு?”

“நீங்க உக்காருங்க பெரியவரே.”

பந்தல் மேடைக்கு மட்டும்தான். பாறை உச்சியில், உச்சி வெயிலில், உச்சந்தலை கொதிக்கக் காலிக் குடத்தோடு நின்ற எனக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திறந்தார்கள். கீழ்த்தெருக் குழாய்களில் தண்ணீர் கொட்டியது. தொட்டியை ஒட்டியிருந்தும், கீழ்த்தெருக் குழாயிலிருந்து மேலே இழுத்திருந்த எங்கள் குழாயில் காற்று வந்தது.

“தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும்க்கா. நீங்க உச்சியில இருக்கீங்க” என்றான் தொட்டி ஆப்பரேட்டர்.

“அப்புறம் எதுக்குடா எங்க வாசல்ல கட்டுனீங்க?”

“வாத்தியார் சொன்னாரே, அது உயர்வுங்க்கா.”

மனு கொடுத்தோம். பஞ்சாயத்து அசையவில்லை. எட்டாம் மாதமும் வந்துவிட்டது. ஒரு காலையில் ஏணியேறி, மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டிய என் வாளியைத் தொட்டிக்குள் விட்டேன். ஆப்பரேட்டர் ஓடி வந்தான்.

“ஐயோ, எறங்குங்கக்கா! ஊரே குடிக்கிற தண்ணி!”

“நான் எந்த ஊருடா?”

மறுநாளே பஞ்சாயத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தொட்டியின் அடியில் துளை போட்டு எங்களுக்கென்று ஒரு குழாய் வைத்தார்கள். மூடிக்குப் பூட்டும் போட்டார்கள். அதற்குள் என் வாளி பட்ட தண்ணீரை ஒரு பகல் முழுக்கக் கீழ்த்தெரு குடித்து முடித்திருந்தது. யாரும் சாகவில்லை.