ஆஜர் சொன்னவன்

ஆஜர், ஆஜரி, ஹுஜூர், ஹஜ்ரத் எல்லாம் ஒரே அரபு வேரில் கிளைத்த சொற்கள் என்று கல்லூரியில் உருது வாத்தியார் சொன்னபோது என் முகம் சுண்டிப்போயிற்று. கோர்ட்டு அழைப்பு, துரையின் காலைத் தேநீர், பெரியவர்களுக்கான மரியாதை என்று பொருள் எங்கெங்கோ போனாலும், வேருக்கு அர்த்தம் கண்ணெதிரே இருப்பது என்பதுதானாம்.

எங்கள் மர்பி டவுன் வீட்டில் அந்த வேர் நன்றாகவே படர்ந்திருந்தது. அப்பா ஒரு துரை பங்களாவில் விடியற்காலையில் சோட்டா ஆஜரி கொண்டுபோய் வைப்பவர். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். வாயைத் திறந்தால் ஹுஜூர். துரை கப்பலேறியதும் ஆஜரியும் போயிற்று, ஹுஜூரும் போயிற்று. அம்மா தெருக்கூட்டும் வேலைக்குப் போனாள்.

விடிகிற நேரத்தில் துடைப்பங்கள் வைக்கும் கொட்டகை முன்னால் பெண்கள் வரிசையாக நிற்க, மேஸ்திரி கூப்பிடுவான். ஒவ்வொருத்தியும் ஆஜர் சொல்ல வேண்டும். அவன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருத்தி நெட்டச்சி, ஒருத்தி ஓட்டப்பல்லி. அம்மா கறுப்பி.

ஒருநாள் அம்மா பதில் சொல்லவில்லை. எதிரே நின்றவளை வரவில்லை என்று குறித்துக்கொண்டான். கூலி போயிற்று. மறுநாளும் அப்படியே.

"ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்" என்று அப்பா கெஞ்சினார்.

"எங்கப்பன் வச்ச பேரு இருக்குது. அதச் சொல்லிக் கூப்பிடட்டும், அல்சூர் வரைக்கும் கேக்கற மாதிரி சொல்றேன்."

இன்னொரு நாள் இப்படிச் செய்தால் பேரை அடித்துவிடுவதாக மேஸ்திரி சொல்லியனுப்பினான். வீட்டில் கஞ்சித் தண்ணீர்தான் இருந்தது. மறுநாள் நானும் அம்மாவோடு போனேன்.

"ஏய் கறுப்பி!"

அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் கறுப்பி, வாய்க்கு பீகம் போட்டுட்டு சாவிய வீட்ல மறந்துட்டியா?"

"கறுப்பின்னு இங்க யாரும் இல்லீங்க மேஸ்திரி. வேற எங்கயாவது தேடிப் பாருங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரி அடுத்தவளைக் கூப்பிட்டான். "நெட்டச்சி!" பதில் இல்லை. "ஓட்டப்பல்லி!" பதில் இல்லை. காதில் செருகியிருந்த பென்சிலை அவன் கையில் எடுத்தான்.

"கறுப்பி ஆஜர், சாமி!" என்று நான் கத்தினேன்.

பசி என்று சொல்லிக்கொள்ளலாம். பசிதான். ஆனால் அந்தச் 'சாமி'யை நானாகத்தான் சேர்த்தேன்.

"பாரு, புள்ளைக்கு இருக்கற புத்தி!" என்று மேஸ்திரி சிரித்தான். நெட்டச்சி ஆஜர் சொன்னாள். ஓட்டப்பல்லியும் சொன்னாள். பிறகு வரிசை முழுவதும்.

அம்மா துடைப்பத்தை என் கையில் திணித்தாள். "ஆஜர் சொன்னவன் பெருக்கட்டும்."

சொல்லிவிட்டு நடந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கொட்டகைப் பக்கம் பிறகு போகவும் இல்லை. நான் அழுதுகொண்டே தெருவைப் பெருக்கினேன்.

அந்த இரண்டு பெண்களும் ஏன் வாய் திறக்காமல் நின்றார்கள்? மேஸ்திரிக்குப் பயந்து நா எழவில்லை போலிருக்கிறது, நான்தான் அவர்களுக்கும் சேர்த்து வழி காட்டினேன் என்று அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.