தம்பி கேட்ட கால்

என் பேரனுக்கு இரண்டரை வயது. அவன் அம்மா ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போனபின் அவனை டாய்லெட்டுக்குப் பழக்குவது என் பொறுப்பு. மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கையைக் கண்டாலே உடம்பை வில்லாக வளைத்து அலறுகிறான். நேற்று மருமகள் பொறுமையிழந்து, "ஒழுங்கா உக்காரு, இல்லன்னா பூச்சாண்டி புடிச்சிகினு பூடுவான்" என்றாள். அவளைக் கண்டிக்கத்தான் வாயெடுத்தேன். அந்தத் தகுதி எனக்கில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில், இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அம்மா நடவுக்குப் போகும் நாட்களில் இரண்டு வயதுத் தம்பி என்னிடம்தான். குழந்தைக்கு வெளிக்கு வந்தால், காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் அதை உட்காரவைப்பது எங்கள் வழக்கம். தம்பி வேறெங்கும் உட்கார மாட்டான். தரையில் விட்டால், நான் கோலி ஆடும் இடத்துக்கே ஓடிவந்து, "காலு, காலு" என்று என் முட்டியைத் தட்டுவான்.

"இன்னாடா, உன் காலு கக்கூஸா?" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

ஒருநாள் அவனைத் தூக்கிப்போய், கொல்லையில் மேய்ந்த பன்றியின் முன்னால் நிறுத்தினேன். "இனிமே என் கால்மேல உக்காந்தா அது உன்ன கடிச்சித் துன்னுடும்." பன்றி நிமிர்ந்து உறுமியது. அவன் அழவில்லை. அதன்பின் காலும் கேட்கவில்லை.

"தானே போய் உக்கார்றாம்மா" என்றேன் அம்மாவிடம், அவன் போனானா என்று பார்க்காமலே. அம்மா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

நான்காம் நாள் தம்பியின் வயிறு கல்லாக இறுகி உப்பியது. குடித்த தண்ணீரும் வாந்தியாக வந்தது. அம்மா அவனை வாரிக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினாள். நானும் போனேன்.

"கடைசியா எப்ப வெளிக்குப் போனான்?" என்றார் டாக்டர்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னிக்குக் காலைல" என்றேன்.

மேசையில் கிடந்த தம்பி என்னைப் பார்த்துக் கைகளை நீட்டினான். "அண்ணா, காலு."

"கால் வலிக்குதா கண்ணு?" டாக்டர் அவன் காலை மடக்கிப் பார்த்தார், விரல்விரலாக அழுத்தினார். தம்பி மறுபடியும், "காலு" என்றான். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

டாக்டரின் கை வயிற்றுக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. "இவன் மூணு நாலு நாளா போகவே இல்லம்மா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா புள்ள கைய விட்டுப் போயிருக்கும்." அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனிமா கொடுத்துத் தம்பியைக் காப்பாற்றினார்கள். இன்று அவனும் தாத்தா. அவனுக்கு எதுவும் நினைவில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.

பன்றியைப் பற்றிச் சொல்லித் தம்பி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற நிம்மதியோடு அன்றைக்கு வீடு திரும்பினேன். பன்றி கடித்தாலும் பரவாயில்லை என்று அவன் என் காலைத்தான் கேட்டான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.