இரு மார்க்கமும் விலக்கிய பொய்

என் கணவரை நான் பொய் சொல்ல வைத்தேன். அவர் சாகக் கிடந்த அன்று, மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்த அந்த வேளையில்... வாழ்நாளெல்லாம் பொய் சொல்லக் கூசிய மனிதரை!

இதை எங்கள் போதகரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்களோ என் முகத்தை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்லுகிறேன். மன்னிப்புக் கேட்டு வரவில்லை. அதைக் கொடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை, வாங்க எனக்கும் கை நீளாது.

மாசிலாமணி கம்பவுண்டர் என்றால் புதுக்கடைச் சந்தையில் அறியாதவர் இல்லை. இலங்கையில், கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் மருந்து கலக்கிவிட்டு ஊர் திரும்பியவர். சந்தை முக்கில் சின்னதாக மருந்துக் கடை வைத்தார். அவர்தான் என் கணவர்.

கண்டியிலிருந்து வருகிறவர்கள் தகரப் பெட்டியும் பட்டும் கொண்டுவருவது வழக்கம். நானும் ஆசையோடு பெட்டியைத் திறந்தேன். நாலு வேட்டி, ஒரு வேதப்புத்தகம், ஒரு தராசு. அவ்வளவுதான்! இன்னொன்றையும் அவர் கொண்டுவந்திருந்தார் என்று மறுநாள் விடியும்போதுதான் கண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் அயினி மரத்தடியில், ஓலைப் பாயில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு அசையவில்லை. ஜெபமென்றால் எங்கள் சபையில் வாய்விட்டுச் செய்வோம். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். இது என்ன ஊமை ஜெபம்? அபின் பழகிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். சோதித்துப் பார்க்க, அவர் முதுகுக்குப் பின்னால் செம்புக் குடத்தைத் தரையில் போட்டேன். கோழிகள் சிதறி ஓடின. அவர் மெல்லக் கண் திறந்து திரும்பிப் பார்த்தார்.

"குடம் ஒடுங்கிச்சா பிள்ளே?" என்று கேட்டார். சிரிப்பு வேறு!

பிறகு எல்லாம் சொன்னார். ஒளிக்கத் தெரியாதவர். தோட்டத்தில் மலேரியா வந்து கிடந்தபோது, பக்கத்து விகாரையில் இருந்த புத்த பிக்கு ஒருவர் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாராம். மதம் மாறச் சொல்லவில்லையாம். மூச்சைக் கவனித்து உட்காரவும், எல்லா உயிரும் சுகமாயிருக்கட்டும் என்று மனத்தால் நினைக்கவும் பழக்கினாராம். ஐந்து விரதமும் எடுத்துக்கொண்டாராம். கொல்லாதே, திருடாதே, பிறன்மனை நாடாதே, பொய் சொல்லாதே, குடிக்காதே.

"இதுல நாலு நம்ம பத்துக் கட்டளையிலயும் உண்டு. குடிக்காண்டாம்ங்கதுக்கு நம்ம சபையே சங்கம் வச்சிருக்கு. நீ எதுக்குப் பயப்படுக?" என்றார்.

நான் பயந்தேன். திருவிதாங்கூரில் சிலர் புத்த மதத்துக்குப் போகலாமா என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பேரைக் கேட்டாலே எங்கள் சபையாருக்கு ஆகாது. நானோ மிஷன் போர்டிங்கில் படித்து வளர்ந்தவள். இரட்சிப்பு கிருபையினால் வருவது, மூச்சு பிடித்து வருவதல்ல என்று அவருக்கே பாடம் எடுத்தேன்! அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மறுநாளும் மரத்தடிக்குப் போனார். அங்கிருந்து எழுந்து வந்து வேதம் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை என்னைவிட உரக்கப் பாடினார். எது உண்மை? இரண்டுமா? இரண்டும் ஒரு நெஞ்சில் எப்படி அடங்கும்?

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "நீங்க யாருக்க ஆளு? ஏசுவுக்கா, புத்தருக்கா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன் நான். அவர் முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஏசு சத்துருவ நேசிக்கச் சொன்னாரு. எனக்க ஆண்டவரு அவருதான். ஆனா எப்பிடி நேசிக்கதுன்னு எனக்கு வழி பிடிபடாம இருந்துது. கண்ண அடச்சு இருந்து பழகினதுக்குப் பெறவாக்கும் அது கொஞ்சமாட்டு கைகூடுது."

"அப்பம் மறுஜென்மம்? உயிர்த்தெழுதல்? அதுல எது நேரு, எது பொய்?"

"அறியாது பிள்ளே."

எனக்கு எது வேண்டுமென்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எங்கள் மகள் ரூத் ஐந்து வயதில் காய்ச்சலில் போனவள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறாள். "நாம செத்தா அங்க காணுவமா? அவளும் நானும் நீங்களும்?" என்று கேட்டேன்.

அவர் முறத்திலிருந்து கையை எடுத்தார். "காணணும்னு எனக்கும் கொதியும் ஆசையும் உண்டு. ஆனா காணுவோம்னு எனக்கு அறிஞ்சாத்தானே சொல்ல ஒக்கும்?"

ஐயோ! வேறு எந்தப் புருஷனாயிருந்தாலும் "காணுவோம்டி" என்று ஒரு வார்த்தை சொல்லி என் கண்ணீரைத் துடைத்திருப்பான். இவர் தன் பெண்டாட்டியைத் தேற்றக்கூடப் பொய் சொல்லவில்லை. இதை நினைவில் வையுங்கள்... அந்த மனிதரைத்தான் பின்னால் நான் என்ன செய்தேன் என்று சொல்லப்போகிறேன்.

செய்தி சபைக்கு எட்டியது. எட்டாமல் இருக்குமா! எங்கள் மூப்பர் ஒருவர் பிராது கொடுத்தார். திருவிருந்துக்கு முந்தின கூட்டத்தில் போதகர் எல்லாருக்கும் முன்னால் விசாரித்தார்.

"புத்தரை வணங்குகிறீரா?"

"வணங்கல்ல ஐயா. அவரு காட்டின பழக்கத்தச் செய்யுதேன்."

"இனி விட்டுவிடுவீரா?"

விடுவேன் என்று ஒரு வார்த்தை! பின்னால் என்ன செய்கிறார் என்று யார் மரத்தடிக்கு வந்து பார்க்கப் போகிறார்கள்? நான் பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணால் கெஞ்சினேன்.

"விட மாட்டேன் ஐயா," என்றார்.

சபை விலக்கு. திருவிருந்தில் பங்கில்லை, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கடைசி வரிசையில் உட்காருவார். அப்பமும் திராட்சரசமும் கை மாறி வரும்போது அவருக்கு முந்தின ஆளோடு நின்றுவிடும். அப்போது அவர் கண் நிறைந்து வழியும், துடைக்கக்கூட மாட்டார். அந்த அப்பத்தின்மேல் அவருக்கு இருந்த பசி எங்களில் எவருக்கும் இருந்ததில்லை. நான் முன் வரிசையில் உட்கார்ந்து வாங்கிச் சாப்பிட்டேன்...

இனி நான் கண்ட அதிசயத்தைச் சொல்லவேண்டும்.

பிராது கொடுத்த அதே மூப்பருக்கு முதுகில் ராஜபிளவை வந்தது. வாசலில் நிற்க முடியாத நாற்றம். பெற்ற பிள்ளைகளே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். என்னவர் தினமும் போய்ச் சீழை வழித்துக் கட்டுப் போட்டார். பேசின் பிடிக்க நான் கூடப் போனேன். உண்மையைச் சொல்லுகிறேனே, உதவிக்காகப் போகவில்லை! அவர் முகத்தைப் பார்க்கப் போனேன். 'பார்த்தாயா, கடைசியில் என் கைதான் உனக்கு வேண்டியிருக்கிறது' என்ற நினைப்பு கடுகளவாவது அந்த முகத்தில் தட்டாதா? மனுஷன்தானே!

தேடினேன். எத்தனையோ நாள் தேடினேன். இல்லை... பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தாயின் முகமாக இருந்தது. மூப்பருக்கு வலிக்கும்போதெல்லாம் இவர் மூச்சு நின்று நின்று வந்தது.

கோயிலில் ஆயிரம் பிரசங்கம் கேட்டும் வராத பயம், கடவுள் பக்கத்தில் வந்து நின்றால் வருகிற பயம், அந்த நாற்றம் பிடித்த அறையில் எனக்கு வந்தது. சத்துருவை நேசிப்பது என்றால் இதுவா! இதை ஒரு மனிதன் செய்ய முடியுமா! இவரோடு ஒரே பாயில் படுத்தேனே, ஒரே சட்டியில் மரச்சீனிக் கிழங்கு தின்றேனே... எனக்குத் தெரியாமல் போயிற்றே! இரண்டும் சேருமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சேர்ந்தே விட்டது, என் கண்முன்னே குனிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

மூப்பர் பிழைத்து எழுந்தார். "கம்பவுண்டரே, உமக்க கையில குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா மருந்து வேற, மார்க்கம் வேற, கேட்டீரா?" என்றார். என்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். வீடு வரும்வரை சிரித்தார்.

இவ்வளவு கண்டவள்தான் நான். கண்டும் செய்தேன்.

எல்லாச் சாதியாருக்கும் இந்துக் கோயில்கள் திறக்கப்பட்ட அந்த வருஷம், மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்தது. மருந்து தெரிந்தவர், தன் நாடியைத் தானே பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். போகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் எனக்கு ஒரே நினைப்புத்தான். இவரை எங்கே புதைப்பார்கள்? ரூத் அங்கே மதிலுக்குள். இவர் இங்கே தென்னந்தோப்பில், யாருமில்லாமல். எனக்கு நாளைக்கு எந்தப் பக்கம்?

ஒரு பிற்பகல் போதகரும் மூப்பரும் ஜெபிக்க வந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"அவரு அதெல்லாம் விட்டுட்டாரு ஐயா. எனக்க கிட்ட சொன்னாரு. ஏசு மட்டும் போரும்னு சொன்னாரு."

கட்டில் நாலடி தூரத்தில் இருந்தது. அவர் காது நன்றாகக் கேட்கும்.

போதகர் முழங்காலில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "மாசிலாமணி, உம்ம சம்சாரம் சொல்லுதது நேருதானா? வாயத் தொறக்காண்டாம். தலைய அசைச்சாப் போரும்."

அவர் போதகரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். என் பயம் முழுவதையும், தோப்பையும் மதிலையும் ரூத்தையும், என் கேவலத்தையும் அவர் கண்டுகொண்டார். கண்டு... இரங்கினார். மூப்பரின் புண்ணைப் பார்த்த அதே முகம்!

தலையை அசைத்தார்.

பத்துக் கட்டளையும் விலக்கியது அந்தப் பொய்யை. பிக்குவிடம் எடுத்த விரதமும் விலக்கியது. இரண்டையும் அத்தனை வருஷம் சிந்தாமல் சிதறாமல் சுமந்து வந்தவர், இரண்டையும் ஒரே தலையசைப்பில் எனக்காகக் கீழே வைத்துவிட்டார். அன்பு இவ்வளவு தூரம் போகுமா?

மூப்பர் ஓடிப்போய் அப்பமும் ரசமும் கொண்டுவந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அது அவர் உதட்டில் பட்டது. கண்ணீர் காதுவரை ஓடிற்று. எந்தக் கண்ணீர் அது? பசி தீர்ந்ததா? பசித்த அப்பத்தைப் பொய்யோடு பிசைந்து ஊட்டிவிட்டேனா? சொல்லுங்கள், நீங்களாவது சொல்லுங்கள்!

அவர்கள் போனார்கள். அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் எத்தனை காலம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா! ஒன்றையும் அவர் விடவில்லை. அப்படியே, விளக்கேற்றும் வேளைக்கு முன், போய்விட்டார்.

ரூத்தின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். காணாமற்போன ஆடு திரும்பி வந்ததைப் பற்றிப் போதகர் பிரசங்கித்தார். சபையே அழுதது. 'ஜெபித்து ஜெபித்துப் புருஷனை மீட்டவள்' என்று எனக்குப் பெயர் வந்தது. பெண்கள் கூட்டங்களில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். மார்த்தாண்டத்தில் சொன்னேன், கோட்டாறு தாண்டியும் போய்ச் சொன்னேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் படிந்துவிட்டது.

ஒரு முறை உண்மையைச் சொல்லிவிடுவதென்றே எழுந்து நின்றேன். வாயும் திறந்தேன். முன்வரிசையில் ஒரு இளம்பெண், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் குடிகாரனாம். "எனக்க ஆளும் திரும்புவாரா அம்மா?" என்று கூட்டத்துக்கு முன்பே என் கையைப் பிடித்துக் கேட்டவள். வழக்கமான கதையே வாயில் வந்தது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

அவருக்கு ஒரு பொய்தான். என் பொய்க்குக் கணக்கில்லை.

வருகிற மாதம் மறுபடி கூட்டம். என் பெயரைப் போட்டுவிட்டார்கள். மகனுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. கல்லறையில் அவர் பக்கத்தில் எனக்கென்று ஆறடி காலியாகக் கிடக்கிறது. உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்... நெஞ்சு கொஞ்சமும் லேசாகவில்லை.

கூட்டத்துக்கு உடுக்கிற சேலையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். போவேன்.