போலிக் கடையை மூடப் போய்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் இவ்வளவுதான். நான். முறுக்கு சுற்றுகிற அக்கா. என் தங்கச்சி மகள், எங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவள். மாட்டுங்கா மாமி ஒருத்தர், கோபமாக.

மாமி எங்களுக்குப் புதுசு. போனை நீட்டினார்.

"அஞ்சு கிலோ கைமுறுக்குக்குப் பணம் கட்டி எட்டு நாளாச்சு. போனும் எடுக்க மாட்டேங்கறேள். நான் தாராவி வரைக்கும் டாக்சி வச்சுண்டு வரணுமா?"

பார்த்தேன். எங்கள் முறுக்கு, எங்கள் தட்டு. படத்தில் என் கைகூட இருந்தது. கடை விலாசமும் எங்களது. வெப்சைட் விலாசம் மட்டும் வேறு.

"பெரியம்மா, இது டூப்ளிகேட்," என்றாள் பிள்ளை.

"அப்போ என் முறுக்கு?" என்றார் மாமி.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள். எங்களுக்கு வருஷம் ஓடுவதே அந்தப் பன்னிரண்டு நாளில்தான். நாலு நாளாக ஆர்டர் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாம் அங்கே போயிருக்கிறது.

மாமி நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

களவாணி சைட்டுகளைக் கண்டுபிடித்து மூட வைக்கிற அமைப்பு ஒன்று ஐரோலியில் இருக்கிறது. பிள்ளை போன் போட்டாள். எடுத்தது செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பொண்ணு.

"டென்ஷன் மத் லோ ஆன்ட்டி, கவலப்படாதீங்க. அந்த வெப்சைட் பேரைப் பதிஞ்சு குடுத்த கம்பெனிதான் மூட முடியும். நான் செக் பண்ணிட்டு நாளைக்கு அவங்களுக்கு எழுதறேன்."

நாளை வரை எப்படி இருப்பது? பிள்ளை நெருலில் காலேஜுக்குப் போனதும் நானே அந்தக் கம்பெனியின் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். போனே தமிழாக்கித் தந்தது. மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம். மனு என்றால் மேலே நம்ம விலாசம், கீழே எதிராளி. ரேஷன் ஆபீசுக்கு எழுதினதும் அப்படித்தான், போலீசுக்கு எழுதினதும் அப்படித்தான். கட்டத்துக்கு மேல் இருந்ததை நான் படிக்கவில்லை. எழுதி அனுப்பினேன்.

காலையில் பிள்ளை கத்தினாள். "பெரியம்மா, நம்ம சைட் மூடிக் கெடக்கு! அவன் சைட் ஜம்முன்னு ஓடுது!"

மேல் கட்டம், மூட வேண்டிய சைட்டுக்காம். ரெண்டும் பார்வைக்கு ஒன்று. ரெண்டு பேரும் பதிந்தது ஒரே கம்பெனியில். அவர்கள் மேலே இருந்ததை மூடிவிட்டார்கள்.

அக்கா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏளா, அடுத்த மனு கடைக்குச் சீல் வைக்கவா?"

ஐரோலிப் பொண்ணிடம் சொன்னோம். முதலில் சிரித்தாள். பிறகு கம்பெனியில் புகார் பார்க்கிறவரையும் அதே லைனில் சேர்த்தாள். ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கம். பேச்சில் தெரிந்தது. அவர் அங்கேயே பார்த்துச் சொன்னார்: எங்கள் பேர் பதிந்து மூணு வருஷம், அவன் பேர் பதிந்து பதிமூணு நாள்.

"ஏமாந்தவங்க யாராவது சபூத், அதான் ஆதாரம், குடுத்தா உடனே மூடிடுவார் ஆன்ட்டி," என்றாள் பொண்ணு.

மாமியைக் கூப்பிட்டேன். மறுபடி டாக்சி. பிளாஸ்டிக் கவரில் எல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ரசீது, அவன் அனுப்பின மெசேஜ், விலாசம் தெரிகிற மாதிரி அவன் பக்கம்.

"முப்பது வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பாத்தவ நான். எங்கிட்டயா?"

பிள்ளை படம் பிடித்து அனுப்பினாள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன் சைட் மூடியது. கொஞ்சம் கழித்து எங்களது திறந்தது. பொண்ணு மெசேஜ் போட்டாள்: இனிமே ஃபார்ம் தொடாதீங்க ஆன்ட்டி.

மாமி இன்னும் போகவில்லை. பிள்ளையின் போனை உற்றுப் பார்த்தார்.

"இதுதானே அசல்? நன்னா பாத்துச் சொல்லு."

"அசல்தான் மாமி."

திரும்பவும் ஆர்டர் போட்டார். வேண்டாம், சும்மா தருகிறேன் என்றேன்.

"ஏமாத்தினது நீயா? பேசாம இரு."

ஆறு மணி வரை வேலை பார்த்துக்கொண்டே போனையும் பார்த்தோம். மாமியுடையதையும் சேர்த்து வந்த ஆர்டர் மூணு.